ரப்பர் பால் ஒட்டிய கடைசி அத்தியாயங்கள்

போன மாதம் ஈப்போவில் என் பழைய கடைப்பக்கம் போயிருந்தேன். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் கால் தானாக உள்ளே திரும்பிவிடுகிறது. படக்கதைப் புத்தகங்கள் எல்லாம் இப்போது பிளாஸ்டிக் தாளில் இறுக்கி ஒட்டப்பட்டு வருகின்றன. பிரித்துப் பார்க்க விடவில்லை என்று ஒரு மனிதர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். கவுண்டரில் நின்ற சரஸ்வதி என்னைப் பார்த்து, “அங்கிள், உங்க காலத்துல இந்தத் தொல்லை எல்லாம் இருந்திருக்காதுலா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உன் தொல்லையைக் கத்தரிக்கோலால வெட்டிப்புடலாம் தாயி. எங்க தொல்லைக்குக் கத்தி, வெந்நீர், மண்ணெண்ணெய் ஒண்ணும் ஆகல” என்றேன். முழுக்கதையையும் கேட்டவள், இதை எழுதி வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் சொன்னதற்காக எழுதுகிறேன். கடையில் எனக்கு மேலாளாக இருந்த கனகசபை ஐயாவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

நான் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. சுங்கை சிப்புட் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார்கள். மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தேன். இருபதுகளில் ஈப்போவின் பெரிய இங்கிலீஷ் புத்தகக் கடையில் பெட்டி உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டவும் துடைக்கவும் கட்டவும் கற்றுக்கொண்டதில் இரண்டு மூன்று வருஷம் ஓடிப்போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எங்கள் கடைக்கு உயிர் கொடுத்தது ஒரு லண்டன் பதிப்பகம். அதன் புத்தக முதுகில் ஒரு சின்ன ஆந்தை இருக்கும். அதனால் ஊரில் எல்லோருக்கும் அது ஆந்தைக் கம்பெனி. ரயில் நேர அட்டவணை அச்சடிக்கும் சின்ன அச்சகமாகத்தான் தொடங்கினார்களாம். ரயிலுக்குக் காத்திருக்கும் ஆளுக்குப் பொழுது போகவில்லை என்பதைக் கண்டுகொண்டு ஒரு கொலைக்கதையை மலிவாக அச்சடித்து ஸ்டேஷனில் வைத்தார்கள். அது விற்றுத் தீர்ந்தது. பிறகு மாதம் தவறாமல் கொலை. அப்பா கொலை படிக்கும்போது பிள்ளை சும்மா இருக்க வேண்டுமே, அதற்கு வாரம் ஒரு படப் பத்திரிகை. கடைசியில் அந்தப் படப் பத்திரிகைதான் அதிகம் சம்பாதித்தது என்பார்கள். ஜப்பான் சண்டைக்குப் பிறகு பெரிய கம்பெனி ஒன்று அவர்களை விலைக்கு வாங்கியது. ஆந்தை பறந்துவிட்டது. லண்டனில் யாருக்காவது அதில் வருத்தம் இருந்ததா தெரியவில்லை, எனக்கு இருந்தது.

ஆந்தை என்றால் நம்மவர்களுக்கு ஆகாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் பலர் புத்தகத்தை வாங்கியவுடன் ஆந்தையின் மேல் காகிதம் ஒட்டித்தான் வீட்டுக்குள் கொண்டு போவார்கள். அதற்கென்றே ஐயா சின்னச் சின்னச் சதுரமாகக் காகிதம் வெட்டி வைத்திருப்பார். கேட்காமலே எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், புத்தகப் பகுதிக்குத் தலைவர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, அளந்து பேசும் பேச்சு. அவரிடம் திட்டு வாங்கினால் திட்டு மாதிரியே இருக்காது. “தம்பி, நீர் இதை இப்பிடி வச்சதுக்கு ஏதும் காரணம் இருக்கோ?” என்று கேட்பார். காரணம் இருக்காது. மறுபடி நாம் அப்படி வைக்கவும் மாட்டோம்.

பெட்டி பிரிப்பது அவருக்கு ஒரு பூசை மாதிரி. பினாங்கிலிருந்து வரும் மரப்பெட்டிக்குள் தகரம் அடித்திருக்கும். தகரத்தை ஓரமாக வெட்டி மடிக்க வேண்டும், நடுவில் குத்தக்கூடாது. மேலே இருக்கும் புத்தகத்தை அவர்தான் எடுப்பார், முகர்ந்து பார்ப்பார். பூசண வாடை இருந்தால் வெயிலில் விரிக்க வேண்டும். இல்லையென்றால் அட்டைகளுக்கு மெல்லிய வார்னிஷ் பூச வேண்டும். கரப்பான் பூச்சிக்குப் புத்தகப் பசை என்றால் விருந்துச் சாப்பாடு. வார்னிஷ் காய்ந்த பிறகுதான் அலமாரி.

படப் பத்திரிகை விஷயத்தில் அவர் இன்னும் கறார். ஒரே கப்பலில் நாலைந்து வாரத்து இதழ்கள் சேர்ந்து வரும். அத்தனையையும் ஒன்றாக விற்கமாட்டார். சனிக்கிழமைக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரு வெள்ளைக்கார மேம் வந்து, என் பிள்ளைக்கு எல்லாவற்றையும் இப்போதே கொடு என்று நின்றாள். “அம்மணி, அடுத்த வாரம் என்ன ஆகும் என்று உங்கள் மகன் ஏழு நாளும் நினைத்துக்கொண்டிருப்பான். அந்தச் சந்தோஷத்தை நான் எடுத்துவிடக்கூடாது” என்று இங்கிலீஷில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆக ஈப்போப் பிள்ளைகளுக்கு லண்டனைவிடச் சில வாரம் பின்தங்கிய ஒரு சனிக்கிழமை இருந்தது. பனி கொட்டும் கிறிஸ்துமஸ் இதழ் நம் தைப்பூசத்துக்குப் பக்கத்தில் வரும். யாரும் குறை சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆந்தைக் கம்பெனி ஒரு புதுத் தந்திரம் செய்தது. ஒரு கொலை நாவலின் கடைசி அத்தியாயங்களை மட்டும் மெல்லிய பச்சைக் காகிதப் பட்டையால் சுற்றி ஒட்டி அனுப்பினார்கள். அந்த இடம் வரை படித்துவிட்டு, கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையில்லாமல், பட்டையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுப்பவருக்குப் புத்தக விலை வாபஸ். யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நல்ல தந்திரம்தான். லண்டனில் நல்ல தந்திரம்.

பெட்டியைப் பிரித்த அன்று ஈப்போவில் நல்ல மழைக்காலம். ஐயா மேல் புத்தகத்தை எடுத்தார், பச்சைப் பட்டை கழன்று கீழே விழுந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் விழுந்தது. கப்பலின் வெக்கையிலும் நம் ஊர் ஈரத்திலும் லண்டன் பசை இளகிப்போயிருந்தது. பெட்டி முழுவதும் அப்படித்தான்.

இதில் என்ன பெரிய விபரீதம் என்று கேட்பீர்கள். பெட்டியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் எல்லாம் பார்த்துக்கொண்டு எங்கள் கடைக்கும் வருகிறார், பட்டைப் புத்தகங்கள் எப்படிப் பேணப்படுகின்றன என்று பார்ப்பார், திருப்தி இல்லாத இடத்தில் ஏஜென்சி வேறு கைக்கு மாறும் என்று எழுதியிருந்தது. பினாங்கில் ஒரு கடை அதற்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. எங்கள் முதலாளியும் பினாங்கில் இருந்த ஒரு வெள்ளைக்காரர்தான். அவருக்குப் புத்தகத்தைவிட மோட்டார் டயரில் ஆசை. ஏஜென்சி போனால் புத்தகப் பகுதியை மூடிவிட்டு அங்கே டயர் அடுக்கப்போவதாக வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் ஐயாவுக்கு வேலையும் இல்லை, கடைக்கு மேலே குடியிருந்த வீடும் இல்லை. அவருக்குக் கான்வென்டில் படிக்கும் இரண்டு பெண்கள். எனக்குக்கூட மறுபடி தோட்டம்தான்.

முதலில் கஞ்சிப் பசையால் ஒட்டிப் பார்த்தோம். மறுநாளே கரப்பான் தின்றுவிட்டது. கோந்து வாங்கி ஒட்டினோம், மழை விழுந்ததும் நழுவியது. அப்போது ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்க ரப்பர் மரம், நாம் ஏன் பசைக்கு அலைய வேண்டும்?

இன்று கேட்டால் சிரிப்பீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் ரப்பரால் ஆகாதது ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கை. சோறு போட்டதும் அது, செருப்புக்கு அடியில் இருந்ததும் அது. தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த என் அக்கா புருஷன் முனியாண்டியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அட, நல்ல ரோசனலா மச்சான். நம்ம பாலு புடிச்சா எவனும் பிரிக்க முடியாது” என்று, உறையாமல் இருக்க மருந்து கலந்த பாலை இரண்டு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். போகும்போது, “புஸ்தகத்துக்கே நம்ம தோட்டத்துப் பாலுன்னு ஊர்ல சொல்லிக்கலாம்” என்று வேறு சொன்னார்.

ஐயா மெல்லிய தூரிகையால் பூசினார், நான் பட்டையைச் சுற்றிப் பிடித்தேன். காய்ந்ததும் என்ன அழகு! பட்டை கல் மாதிரி நின்றது. மழை வந்தது, அசையவில்லை. கரப்பான் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஐயா வாழ்க்கையில் முதல்முறையாக என் தோளைத் தட்டினார். புத்தகம் சுடச்சுட விற்றது. பக்கத்து ஊரான பத்து காஜாவின் தோட்டத்துத் துரைமார், கோர்ட்டுக் கிராணிமார், ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீனத் தௌக்கேயின் மகன் என்று எல்லோரும் வாங்கிப் போனார்கள்.

பத்து காஜாத் துரை ஒருவர்தான் முதலில் திரும்பி வந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்து, “திறந்து காட்டு” என்றார். ஐயா காகிதக் கத்தியால் பட்டையை வெட்டினார். பட்டை வந்தது. பக்கங்கள் வரவில்லை. பால் ஓரத்தில் கசிந்து, தாளுக்குத் தாள் ஊறி, கடைசி மூன்று அத்தியாயமும் ஒரே ரப்பர் ஷீட்டாக நின்றது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. கொஞ்சம் பலமாக இழுத்தால் எழுத்தோடு கிழிந்தது.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதுதான் வேதனை. எல்லோருக்கும் கொலைகாரன் வேண்டும். கிளப்பில் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம், பாதிப் பேர் டாக்டர் என்கிறார்களாம், மீதிப் பேர் தோட்டக்காரன் என்கிறார்களாம். கோர்ட்டுக் கிராணி ஒருவர், “ராத்திரி தூக்கம் இல்ல சார், யாருன்னு மட்டும் சொல்லிடுங்க” என்று கெஞ்சினார். நாங்கள் சொல்ல எங்களுக்கே தெரியாது. வெந்நீர் ஆவியில் காட்டினோம், தாள் கூழானது. மண்ணெண்ணெய் தடவினோம், ரப்பர் இளகியது, கூடவே அச்சும் இளகியது. கடையில் இருந்த பிரதி அனைத்தும் ஒட்டியவைதான். லண்டனுக்கு எழுதினால் கப்பல் வந்து சேர மாதக்கணக்கு. பினாங்குக் கடையிடம் கேட்பது நம் கழுத்தை நாமே நீட்டுவது.

ஐயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் திடீரென்று, “தம்பி, டிரெஸர் ஆரோக்கியம்” என்றார். கோலா கங்சார் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் அவர். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், நாங்கள் பால் பூசுவதற்கு முன்பே அவருக்கு ஒரு பிரதி போயிருந்தது. பட்டை கழன்றதற்கு மன்னிப்புக் கேட்டு ஐயா கைப்பட எழுதி அனுப்பிய பிரதி.

நான் ரயிலேறிப் போனேன். டிரெஸர் மருந்துக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இன்னும் முடிக்கல லா. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயந்தான் படிப்பேன். மூணு பாக்கி இருக்கு.”

“டிரெஸர் ஐயா, நாளான்னிக்குச் சனிக்கிழமை. அன்னிக்கே எல்லாருக்கும் படிச்சுக் காட்டிரணும்னு ஐயா சொல்லிட்டாரு. திங்கக்கிழமை லண்டன் ஆளு வாராரு, அவருகிட்ட யாரும் புகார் சொல்லிரக் கூடாது. புஸ்தகம் இல்லன்னா எங்க சோத்துல மண்ணுதான்.”

அவர் யோசித்தார். நல்ல மனிதர், ஆனால் கொலைக்கதை என்றால் கல்நெஞ்சு. “குடுக்க மாட்டேன். நானே கொண்டாரேன். சனிக்கிழமை ரயில்ல படிச்சு முடிச்சிருவேன். நீ வந்து கூட்டிக்கிட்டுப் போ. ஆனா ஒண்ணு, என் மூஞ்சியப் பாக்கக் கூடாது. பாத்தா ஒனக்குத் தெரிஞ்சு போயிரும்.”

சொன்னபடியே சனிக்கிழமை காலை அவரோடு ரயிலில் வந்தேன். அவர் ஜன்னலோரம் படித்தார், நான் எதிரில் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். சுங்கை சிப்புட்டில் அவர் “ஐயய்யோ” என்றார். நான் திரும்பவில்லை. செம்மோரில் தொடையில் அடித்துக்கொண்டார். தஞ்சோங் ரம்புத்தான் வந்தபோது இன்னும் பக்கங்கள் பாக்கி இருந்தன. ஈப்போ ஸ்டேஷனில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கார்டு வந்து அதட்டினார். டிரெஸர் ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்தி வைத்து, கடைசிப் பக்கத்தைப் படித்து மூடினார்.

“யாருங்க?” என்றேன்.

“போடா” என்றார். முகம் வெளுத்திருந்தது.

அன்று பிற்பகல் கடைக்குள் நிற்க இடமில்லை. துரைமாருக்கு முன்வரிசை என்று ஐயா ஒதுக்கவில்லை. முன்னால் வந்தவர் முன்னால். அதனால் கோர்ட்டுக் கிராணி நாற்காலியில் இருந்தார், பத்து காஜாத் துரை அலமாரியில் சாய்ந்து நின்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது, ஆனால் போகவும் இல்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் அவர் எப்படிப் போவார்?

ஐயா மேசைக்குப் பின்னால் நின்று வாசித்தார். யாழ்ப்பாணத்து மிஷன் கல்லூரி இங்கிலீஷ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது, குரலை உயர்த்தினார். கதையில் துப்பறிபவர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி வைத்துப் பேசும் இடம் வந்தது. கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள், கொலை செய்தவர் எங்களில் ஒருவர் என்பதுபோல. டிரெஸர் மட்டும் கூரையைப் பார்த்தபடி நின்றார்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. நனைந்த தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். கையில் தோல் பெட்டி, பெட்டியில் ஆந்தை. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். மேசைமேல் எங்கள் ஒட்டிப்போன புத்தகங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன.

ஐயா நிறுத்திவிட்டார். விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தைப் பாதி மூடினார். துரை பின்னாலிருந்து, மேலே படி மேலே படி என்று உறுமினார். வந்தவர் கூட்டத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

“தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நான் இதை இன்னும் படிக்கவில்லை” என்றார்.

காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். ஐயா கடைசி வரி வரை வாசித்தார். கொலைகாரன் டாக்டரும் இல்லை, தோட்டக்காரனும் இல்லை. எல்லோருடைய பந்தயமும் போனது. தோற்ற கூட்டம் அவ்வளவு சந்தோஷமாகக் கலைந்து போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடை காலியானதும் ஐயா ஒட்டிய பிரதி ஒன்றை லண்டன்காரர் முன் வைத்து நடந்ததைச் சொன்னார். ரப்பர் என் யோசனை, இந்தப் பையனுக்கு இதில் பொறுப்பில்லை என்றார். வந்தவர் பக்கங்களைப் பிரித்துப் பார்த்தார். இழுத்தார், விட்டார், அது சுருங்கியது. இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் எல்லாம் பார்த்துவிட்டேன். எங்கேயும் ஒரு பட்டைகூட நிற்கவில்லை. உங்கள் ஊரில் மட்டும்தான் எல்லாம் நிற்கிறது. ஈப்போவில் பட்டைகள் உறுதி என்று எழுதுகிறேன். அது பொய்யும் இல்லை. ஏஜென்சி உங்களிடமே இருக்கும்.”

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஐயா தலையை ஆட்டினார்.

“ரப்பர் என்று எழுதுங்கள். ஒட்டி, கெட்டுப்போனது என்றும் எழுதுங்கள்.”

“எழுதினால் என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியும்” என்றார் ஐயா.

லண்டன்காரர் போன பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அவரே மறைக்கிறேன்னு சொன்னாரே ஐயா. நீங்க ஏன் வாயக் குடுத்தீங்க?”

“தம்பி, ஈப்போவில பட்டை நிண்டது எண்டு எழுதினா, எப்பிடி எண்டு லண்டன் கேக்கும். ரப்பர் எண்டு தெரிய வரும். பிறகு கொழும்பிலயும் பூசுவினம், ரங்கூனிலயும் பூசுவினம். எத்தினை சனம் முடிவு தெரியாமக் கிடந்து அந்தரப்படும்? அந்தக் கிராணியின்ர முகத்தைப் பாத்தனீர்தானே?”

நான் பார்த்திருந்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை.

லண்டன் பதிலுக்குக் காத்திருந்த அந்த மாதங்கள் கொடுமை. முதலாளியிடமிருந்து டயர் படங்கள் வந்து ஐயாவின் மேசையில் குவிந்தன. அவற்றையும் அவர் ஒழுங்காக அடுக்கி வைத்தார். மேல்மாடியில் அவர் மனைவி செல்லம்மா அம்மா, ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று பாத்திரங்களை வைக்கோல் வைத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். சின்னப் பெண் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் விடைபெற்றுவிட்டு வந்து அழுததாகச் சொன்னார்கள்.

ஒரு நாள் காலை மாட்டுவண்டியில் ஸ்டேஷனிலிருந்து பெட்டி வந்தது. எங்கள் கடைப் பெயருக்குக் கீழே, முன்பு இல்லாதபடி, கனகசபை ஐயாவின் பெயரைக் கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள். உள்ளே அடுத்த கொலை நாவல், ஒன்றிலும் பட்டை இல்லை. மேலே ஒரு சின்னக் கடிதம். வெப்ப நாடுகளுக்குப் பட்டை நிறுத்தப்பட்டது, ஏஜென்சி தொடரும் என்ற இரண்டே வரி.

ஐயா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை விரலால் புரட்டினார். ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. “தம்பி, கடையைப் பாத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு மேலே போனார். வேலை நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

வெகுநேரம் ஆகியும் இறங்கி வரவில்லை. பயந்துபோய் நானும் மேலே ஏறினேன். செல்லம்மா அம்மா தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐயா கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு பாத்திரமாக வாங்கி வைக்கோலைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

“இஞ்சேருங்கோ, இனி ஒருக்காலும் நான் இதுகளைக் கட்டமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார் அம்மா. அழுதுகொண்டேதான் சொன்னார்.

“ஓம், ஓம். கட்ட வேண்டாம்” என்றார் ஐயா. அடுத்த பாத்திரத்துக்குக் கை நீட்டினார். கீழே கடையில் யாரோ மணியை அடித்துக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கடைசிப் பாத்திரம் அலமாரிக்கு ஏறும்வரை கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.